வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன்

தைப் பொங்கல் வந்தால் அலங்காநல்லூரை உலகமே பார்க்கிறது. வாடிவாசல், காளை, சிறந்த வீரருக்குக் கார், சிறந்த காளைக்கு டிராக்டர். எத்தனை பேருக்குக் காயம், அதில் எத்தனை பேர் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கும் அன்று மாலையே செய்தியில் வந்துவிடும். மறுநாள் அந்தக் கணக்கை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

அந்த ஒரு நாளிலாவது கேமரா இருக்கிறது. மீதி நாட்களில் இதே அலங்காநல்லூர், பாலமேடு, வாடிப்பட்டிச் சாலைகளில் அடிபடுகிறவர்களுக்குச் செய்தியும் இல்லை. குட்டியானையின் பின்னால் நின்றுகொண்டு வேலைக்குப் போகிற சித்தாள், கரும்பு லோடு ஏற்றுகிறவர், விடியற்காலையில் டூவீலரில் மதுரைக்குக் கட்டட வேலைக்குக் கிளம்புகிற இளைஞர். இவர்கள் அடிபட்டால் போஸ்டர் ஒட்டப்படுவதில்லை, ஆர்ப்பாட்டம் நடப்பதில்லை. நம் இயக்கத் தோழர்களும் பெரும்பாலும் ஒரு முறை பார்த்துவிட்டு, பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். கேட்டால், "அது விபத்துதானே தோழர், வன்கொடுமை இல்லையே" என்கிறோம்.

விபத்து விபத்துதான். ஆனால் விபத்துக்குப் பிறகு நடப்பது விபத்து இல்லை. போன காலுக்கு என்ன விலை என்று ஒரு தீர்ப்பாயம் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் கூலி வருகிறது, படிப்பு வருகிறது, வேலைக்கு ஆதாரச் சீட்டு இருக்கிறதா என்ற கேள்வி வருகிறது. இவை மூன்றையும் தலைமுறை தலைமுறையாக நமக்கு மறுத்தது எது என்று இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கை மாற்றிப் போட வைக்கக் கூடியவர் ஒருவர்தான்: நம் பக்கம் நிற்கிற வக்கீல். அதனால் சொல்கிறேன், அடிபட்டவருக்கு வக்கீல் வைப்பது குடும்பத்தின் சொந்த விவகாரம் மட்டும் இல்லை. அது நம் அரசியல் வேலை. அந்த வேலையை நாம் செய்யாத இடத்தில் தரகர் வந்து செய்கிறார்.

தரகர் எப்படி வருகிறார் என்று பாருங்கள். எலும்பு முறிவு வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்பார். அண்ணன் என்றோ மாமா என்றோ அன்பாகப் பேசுவார். "நீங்க பத்துப் பைசா செலவழிக்க வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், காசு வந்ததும் நம்ம பங்கைக் குடுத்தாப் போதும்" என்பார். வெற்று வக்காலத்து, வெள்ளைத் தாள், பேங்க் பாஸ்புக் நகல் என்று கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வழக்கு எந்த ஊரில் போடப்பட்டது, எவ்வளவு கேட்கப்பட்டது, வக்கீல் யார் என்று எதுவும் அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. சில வருடம் கழித்து ஒரு தொகை கைக்கு வரும். மூன்றில் ஒரு பங்கு போயிற்றா, பாதி போயிற்றா என்பதும் தெரியாது.

முதலில் ஒரு விஷயத்தை எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று வக்கீல் கட்டணம் பேசுவது இந்தியாவில் சட்ட விரோதம். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசவோ, கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கவோ கூடாது என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. விதி ஏட்டில் தூங்குகிறது என்று நினைக்க வேண்டாம். தெலங்கானாவிலிருந்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1998இல் சாலை விபத்தில் கணவரை இழந்த ஒரு பெண். இழப்பீட்டு வழக்கை நடத்திய வக்கீலுக்குப் பத்து லட்ச ரூபாய் கொடுத்த பிறகும், இன்னும் பங்கு வேண்டும் என்று மூன்று லட்சத்துக்குக் காசோலை வாங்கப்பட்டது. காசோலை திரும்பியதும் அந்தப் பெண் மீதே குற்ற வழக்கு. 2017 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. வழக்கில் கிடைத்த தொகையில் சதவீதம் கேட்பது பொதுக் கொள்கைக்கு விரோதமானது, அப்படி ஒரு ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆகவே "பர்சன்டேஜ்" என்று யாராவது வாயெடுத்தால், நம் வீட்டுப் பெண்கள் திருப்பிச் சொல்ல ஒரு தீர்ப்பு இருக்கிறது.

தரகர்களைப் பற்றியும் சட்டம் பேசுகிறது. வழக்கறிஞர்கள் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தம், தரகர்களின் பட்டியலைத் தயாரித்து நீதிமன்றத்தில் ஒட்டவும், பட்டியலில் உள்ளவர் மீண்டும் அதே வேலையைச் செய்தால் தண்டிக்கவும் இடம் தருகிறது.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். கையில் காசு இல்லாத குடும்பம் முன்பணம் கொடுக்க முடியாது. வழக்கு முடிய வருடங்கள் ஆகும். அதுவரை தன் செலவில் வழக்கை நடத்துகிற வக்கீல் பங்கு கேட்டால் என்ன தப்பு? சதவீதம் வாங்குகிற எல்லோரையும் திருடர் என்று நான் சொல்லவில்லை. வேறு யாரும் தொடாத வழக்கைச் சொந்தக் காசில் நடத்தியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளியை நிரப்பவே ஒரு சட்டம் இருக்கிறது. அதை நாம் பயன்படுத்தாமல் வைத்திருப்பதுதான் பிரச்சினை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12. இலவச வக்கீல் பெறத் தகுதி உள்ளவர்கள் யார் என்ற பட்டியலில் முதலில் இருப்பது பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும்தான். வருமான வரம்பு நமக்குக் கிடையாது. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் எந்தச் சாதியாக இருந்தாலும் அவர்களுக்கும் அப்படியே. ஏழை என்று நிரூபிக்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். சாதிச் சான்றிதழோடு மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எழுதினால் வக்கீல் நியமிக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கிற செலவு எல்லாம் அதில் அடக்கம். 15100 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். அப்படி நியமிக்கப்படும் வக்கீல் நம்மிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

"இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதானே நடத்துவார்?" சில இடங்களில் உண்மை. ஆனால் குழுவில் உள்ள வக்கீல்களில் இன்னார் வேண்டும் என்று நாம் கேட்கலாம், அதைப் பரிசீலிக்க விதியில் இடம் இருக்கிறது. ஒழுங்காக நடத்தவில்லை என்றால் எழுத்தில் புகார் கொடுத்து மாற்றச் சொல்லலாம். யாரும் கூட வராத அம்மாவின் கேஸ் கட்டு ஒரு மாதிரி நடத்தப்படும். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் நோட்டோடு கூடவே வந்து ஒவ்வொரு வாய்தாவையும் குறித்துக்கொள்கிற அம்மாவின் கேஸ் கட்டு வேறு மாதிரி நடத்தப்படும். இது எல்லா அலுவலகத்துக்கும் பொருந்தும் விதி.

இப்போது கணக்குக்கு வருவோம். நல்ல வக்கீலுக்கும் ஏனோதானோ வக்கீலுக்கும் என்ன வித்தியாசம் என்பதை இந்தக் கணக்கு சொல்லும். 28 வயது லோடுமேன் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சம்பளச் சீட்டு இல்லை. இன்சூரன்ஸ் தரப்பு சொல்லும்: மாதம் 8,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்ததற்கு ஆதாரம் இல்லை, மருத்துவச் சான்றில் ஊனம் 50 சதவீதம்தான். 26 முதல் 30 வயது வரை உள்ளவருக்கு வருட வருமானத்தை 17ஆல் பெருக்க வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணை சொல்கிறது. அதன்படி வருவது 8,16,000 ரூபாய்.

நம் பக்க வக்கீல் வேலை தெரிந்தவர் என்றால் மூன்று விஷயங்களைக் கேட்பார். ஒன்று, வருமானம். சுமை தூக்குகிறவரிடம் சம்பளச் சீட்டு கேட்பதே அநியாயம். உடன் வேலை பார்த்தவர், மேஸ்திரி, லாரி உரிமையாளர் என்று சாட்சி வைத்து உண்மையான கூலியைக் காட்ட வேண்டும். 2011இல் ஒரு கூலித் தொழிலாளி வழக்கில், ஆவணம் இல்லை என்பதற்காக அவர் சொன்ன 4,500 ரூபாய் மாத வருமானத்தைத் தீர்ப்பாயம் குறைத்தது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. விபத்து நடந்தது 2004இல். அந்தக் காலக் கூலிக்கு அந்தத் தொகை.

இரண்டு, ஊனம். மருத்துவர் தரும் சதவீதம் உடம்புக்கானது, பிழைப்புக்கானது இல்லை. 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகச் சொன்னது. இடது கை போனால் அலுவலக எழுத்தர் வேலையில் தொடர முடியலாம், ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடும். 2014இல் கர்நாடகத்தைச் சேர்ந்த 24 வயது காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு. கால் போனாலும் காய் விற்கலாமே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வருமான இழப்பை 85 சதவீதம் என்று எடுத்துக்கொண்டது. லோடுமேனுக்குக் கால் போனால் இழப்பு 100 சதவீதம் என்று நம் வக்கீல் வாதாட வேண்டும்.

மூன்று, எதிர்கால உயர்வு. கூலி அப்படியே நிற்காது, ஏறும். சொந்தத் தொழில் செய்பவர், நிலையான சம்பளம் இல்லாதவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்று 2017 அக்டோபர் 31 அன்று அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது உயிரிழப்பு வழக்கு. நிரந்தர ஊனத்துக்கும் இது பொருந்தும் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

கூலி 12,000 என்று நிரூபிக்கப்பட்டு, 40 சதவீதம் கூட்டி, இழப்பு முழுமையானது என்று ஏற்கப்பட்டால் வருவது 34,27,200 ரூபாய். செயற்கைக் கால், மருத்துவச் செலவு, வலிக்கும் வேதனைக்குமான தொகை எல்லாம் இதற்கு மேல். கால் ஒன்றுதான். அதே சட்டம்தான். வித்தியாசம் 26 லட்சம். இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பணம், ஒரு வீடு கட்டுகிற பணம். அந்தப் பணம் யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு போனதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் போனது.

இந்தக் கணக்கிலேயே ஒரு கசப்பும் இருக்கிறது. எவ்வளவு திறமையாக வாதாடினாலும், கூலி வேலைக்காரரின் காலை விட அதிகாரியின் காலுக்கு விலை அதிகம். சட்டம் உடம்பை அளப்பதில்லை, சம்பளத்தை அளக்கிறது. எந்த வேலை யாருக்கு என்று சாதி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் நாட்டில், சம்பளத்தை அளப்பது சாதியை அளப்பதும்தான்.

இதை மாற்ற முடியாதா? ஒரு இடத்தில் மாற்றிக் காட்டியிருக்கிறோம். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறங்கிச் செத்தவர்களுக்காக சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் வருடக்கணக்கில் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடியது. 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் 1993 முதல் நடந்த சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் என்று நிர்ணயித்தது. 2023 அக்டோபர் 20 அன்று அது 30 லட்சமாக உயர்ந்தது. நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனங்களுக்குக் குறைந்தது 10 லட்சம். இதில் செத்தவரின் சம்பளம் என்ன என்ற கேள்வியே இல்லை. 2022 ஏப்ரலில் நம் மதுரை நேரு நகரில் மாநகராட்சிக் கழிவுநீர் நிலையத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் செத்தது நினைவிருக்கும். அவர்களின் உயிருக்குக் கூலியை வைத்து விலை போடாதே என்று கேட்கும் நிலைக்கு இயக்கம் சட்டத்தைத் தள்ளியது. சாலையில் அடிபடும் கூலிக்காரருக்கும் அப்படி ஒரு அளவுகோல் வேண்டும் என்று கேட்க நம்மால் முடியும். ஆனால் அதற்கு முதலில் அந்த வழக்குகள் நம் கையில் இருக்க வேண்டும். தரகர் கையில் இருக்கும் வழக்கிலிருந்து எந்தக் கோரிக்கையும் பிறக்காது.

அதனால் அலங்காநல்லூர் வட்டாரத்து இளைஞர்களுக்கும், மதுரையில் படிக்கிற மாணவர்களுக்கும் சில வேலைகளைச் சொல்கிறேன்.

அடிபட்ட செய்தி வந்ததும் முதலில் எஃப்.ஐ.ஆரைப் பாருங்கள். சரக்கு வாகனத்தில் சும்மா ஏறிப் போனவருக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் பொறுப்பேற்பதில்லை. சுமை ஏற்றி இறக்க வேலையாளாகப் போனவரின் நிலை வேறு. கூலிக்குப் போனவரை "லிஃப்ட் கேட்டு ஏறினார்" என்று ரைட்டர் எழுதிவிட்டால், அந்த ஒரு வரியால் வழக்கே சாய்ந்துவிடும். இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி எழுதப்பட்டதா என்று பாருங்கள். பெரியாஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குடும்பத்திடமே வையுங்கள். வக்கீலுக்கு நகல் போதும்.

போலீஸும் சும்மா இருக்க முடியாது. 2022இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 48 மணி நேரத்தில் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளில் விரிவான அறிக்கையும் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு. அறிக்கை போயிற்றா என்று ஸ்டேஷனில் எழுதிக் கேளுங்கள்.

காலம் முக்கியம். 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகளில், தாமதம் என்பதற்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இடமும் முக்கியம். திருப்பூரில் அடிபட்டாலும், குடியிருப்பது அலங்காநல்லூர் என்றால் மதுரையிலேயே வழக்குப் போடலாம். தெரியாத ஊர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டாலும், உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என்று தனித் திட்டம் இருக்கிறது.

சொந்தமாக வக்கீல் வைப்பதென்றால் கட்டணத்தை ஒரே தொகையாகப் பேசி எழுத்தில் வாங்குங்கள். வழக்கு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண் இருந்தால் அடுத்த வாய்தா என்றைக்கு என்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வேண்டாம். இழப்பீட்டை உரியவரின் வங்கிக் கணக்குக்கே நேராக அனுப்பும் முறைக்கு 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே பாஸ்புக்கும் ஏ.டி.எம். அட்டையும் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. லோக் அதாலத்தில் சமரசம் என்று கூப்பிட்டால் போகலாம், ஆனால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். அங்கே கையெழுத்துப் போட்டுவிட்டால் மேல்முறையீடு கிடையாது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வண்டியை வேண்டுமென்றே ஏற்றினார்களா, சாதிப் பெயரைச் சொல்லித் தாக்கினார்களா? அப்படியென்றால் அது விபத்து இல்லை. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் வழக்கு, அரசு நிவாரணம், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மூத்த வழக்கறிஞரை அமர்த்தித் தரும்படி ஆட்சியரிடம் கேட்கும் உரிமை என்று பாதையே வேறு. அதை விபத்தாக முடித்துவிட அனுமதிக்கக் கூடாது.

மதுரை மண்ணுக்கு நல்ல வக்கீலின் மதிப்பு தெரியும். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்ட வழக்கில், சேலத்தில் நடந்த விசாரணை 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனையில் முடிந்தது. வழக்கறிஞர் பொ. இரத்தினம் போன்றவர்கள் வருடக்கணக்கில் மக்களோடு நின்றார்கள். சாட்சிகளும் அசையாமல் நின்றார்கள். இதற்கெல்லாம் முன்னோடி அண்ணல் அம்பேத்கர். மகத் குளத்தில் 1927இல் தண்ணீர் அள்ளியதோடு அவர் நிறுத்தவில்லை. சாதி இந்துக்கள் போட்ட வழக்கைப் பத்து ஆண்டுகள் நடத்தி, 1937 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றார். குளத்தங்கரையில் காட்டிய அதே அக்கறையை அவர் கேஸ் கட்டிலும் காட்டினார்.

கொலை நடந்தால் நாம் ஓடுகிறோம், ஓடத்தான் வேண்டும். ஆனால் கால் போய்க் கட்டிலில் கிடக்கிற லோடுமேனும், கணவரை லாரிக்குப் பறிகொடுத்த அக்காவும் நம் மக்கள்தான். அவர்களுக்குத் தேவை கண்டனக் கூட்டம் இல்லை. ஒரு மனு, ஒரு சாதிச் சான்று, ஒரு வழக்கு எண், வாய்தா தவறாமல் கூட வர ஒரு தம்பியோ தங்கையோ. ஒவ்வொரு காலனிக்கும் இருவர் இந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை எலும்பு முறிவு வார்டுக்குத் தரகர் வரும்போது, கட்டிலுக்குப் பக்கத்தில் நம் பிள்ளை ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஜெய்பீம்.